அளக்குங் கருவியை அளத்தல்

(நமது சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்குக் கடிதம் விடுத்தபோது விஷயம் இன்னதென்று குறிப்பிடவில்லை. சங்கக் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுவன கல்வியும், கலியாணச் செலவும், ஒற்றுமையுமேயாம். அவற்றைக் குறித்துப் பேச எம்மினும் வல்லவர் நம்மிடையே பலருளர். யாமோ முப்பது வருஷங்களுக்கு மேலாக உலோகச் சாமான்களைப் பரிசோதிக்கும் அறைகளிலேயே காலங் கழித்தோம். ஆதலின் எமக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

அது யாதெனின், பட்டறைகளிலும் ஆலைகளிலும் செய்த சாமான் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்திருக்கும் உணர்கருவிகள் தாமே சரியாக இருக்கின்றனவா என்பதை யார் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்பதே. உணர்கருவி என்று யாம் சொல்வதைப் பட்டறையில் சென்ஸார் என்பர். இது யந்திரக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று தாய்மார்கள் எண்ண வேண்டா. நம்மவர் ஒருவர் சென்ற வருஷம் வேலையிழந்து, இரண்டு மாதச் சம்பளமும் இழந்து நின்றதற்குக் காரணம் இதுவே. அச்சம்பவத்தையே முதலிற் சொல்லிவிடுகிறோம்.

கோயம்புத்தூரை அடுத்த ஒரு பட்டறை. அதன் பெயர் இங்கு வேண்டா. மோட்டார் பம்புகளுக்கான வார்ப்பிரும்புக் கூடுகளைக் கடைந்து பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவது அதன் தொழில். ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் பேரிங் உட்காரும் துளையொன்றுண்டு. அதன் குறுக்களவு 40 மில்லிமீட்டர். அதற்குக் குறையலாகாது, மிகுந்தால் 25 மைக்ரான் வரையில் மிகலாம். மைக்ரானாவது ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறு செய்தால் அதில் ஒரு கூறு. நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கென்று ஏறக்குறையச் சொல்லத்தக்க அந்த 25 மைக்ரானுக்குள்ளே நின்றுதான் கடைசல்காரர் பிழைக்க வேண்டும். அந்த யந்திரத்தில் நின்றவர் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவருடைய மைத்துனர். இருபது வருஷம் கடைசலில் பழகிய கை.

துளையை அளப்பதற்கு மின்சார உணர்கருவியொன்று அங்கே இருந்தது. அதனைத் துளைக்குள் விட்டால், 40 மில்லிமீட்டருக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல் என்பதைத் திரையிலே மைக்ரான் கணக்கில் காட்டும். ஆனால் 40 மில்லிமீட்டர் எதுவென்று அதற்குத் தானாகத் தெரியாது. காலைதோறும் மாஸ்டர் ரிங் என்னும் எஃகு வளையத்துக்குள் அதனை விட்டு, 'இதுதான் பூஜ்யம்' என்று பொத்தானை அழுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பட்டறையிலிருந்த பழைய ரிங்கின் அளவு 40.000. அது ஒருநாள் கைதவறி விழுந்து விளிம்பு மழுங்கியபடியால் புதிய ரிங் வாங்கினார்கள். புதியதன் அளவு 40.012. இதிற் குற்றமொன்றுமில்லை, அனுமதித்த எல்லைக்கு நடுவில் நிற்கும்படி ரிங்கை வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. அந்த எண் ரிங்கின் பக்கத்திலேயே பொடியெழுத்தில் பொறித்திருந்தது. உடன் வந்த சர்ட்டிபிகேட்டிலும் அச்சிட்டிருந்தது. கருவியை அதில் வைத்து '12' என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பழக்கத்தினால் பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

அன்று முதல் கருவி எல்லாவற்றையும் 12 மைக்ரான் குறைத்தே சொல்லிற்று. காலையில் கடைந்த நல்ல துளைகள் சிறியன என்று திரும்பி வந்தன. நம்மவர் உடனே மேற்பார்வையாளரிடம் சென்று, "நேற்று மாலை சரியாக இருந்தது, இரவில் யந்திரத்தை யாரும் தொடவில்லை, உளியும் மாற்றவில்லை, எல்லாம் ஒரே அளவாகக் குறைவதெப்படி?" என்று கேட்டார். "புது ரிங் சர்ட்டிபிகேட்டோடு வந்திருக்கிறது, கருவி பொய் சொல்லுமா? நீர் யந்திரத்தைத் திருத்தும்" என்று விடை வந்தது. திருத்தினார். சிறியன என்று ஒதுக்கிய நல்ல கூடுகளையும் மறுபடி கடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு பேரிங்கைக் கையில் எடுத்துத் துளைக்குள் இறக்கிப் பார்த்து, வழக்கத்திலும் தளர்வாக இறங்குகிறதென்று மறுபடியும் சொன்னார். கைப்பழக்கத்தைக் கேட்பார் யார்? திரையில் 15 என்று காட்டிய துளை உண்மையில் 27; 20 என்று காட்டியது 32. பத்து நாளைச் சரக்கில் பெரும்பகுதி கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது.

யாரோ ஒருவர் குற்றவாளியாக வேண்டும். யந்திரத்தின் நினைவுப் பதிவைப் பார்த்தார்கள். இன்ன தேதியில் இன்னார் அளவை 12 மைக்ரான் நகர்த்தினார் என்று அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. வேறு சாட்சி வேண்டுமோ? சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய தமக்கையார் சங்கத்தில் முறையிட்டதன்மேல் எம்மையும் வேறொருவரையும் போய்ப் பார்க்கும்படி காரியதரிசி அவர்கள் அனுப்பினார்கள். யாம் கேட்டவை மூன்று: ரிங், அதன் சர்ட்டிபிகேட், ஒரு ஸ்லிப் கேஜ் பெட்டி. சர்ட்டிபிகேட் பைலில் பத்திரமாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. அரைமணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. முதலாளி கெட்டவரல்லர், முகம் வாடி, பிடித்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, திரும்ப வரும்படி அழைத்தார். நம்மவர் போகவில்லை. இப்போது வேறிடத்தில் இருக்கிறார்.

நிற்க. கருவி பொய் சொல்லுமா என்ற கேள்விக்கு விடை சொல்வோம். கருவி பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது; சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும். அந்தத் திரை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு வரையில் எண்களைக் காட்டத்தக்கது. நுட்பமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் இருக்கிறதென்று பார்த்து மயங்குவோர் படித்த எஞ்சினீயர்களிலும் பலர்.

இந்தச் சூட்சுமம் நம் முன்னோர் அறியாததன்று. நம்மவரிற் பலர் பொன் வேலையும் இரும்பு வேலையும் செய்த குடும்பத்தினர். பொற்கொல்லர் உரைகல்லிலே பொன்னை உரைத்த மாத்திரத்தில் மாற்றுச் சொல்லிவிடுவதில்லை. மாற்றுத் தெரிந்த உரையாணியை அதே கல்லில், பக்கத்திலே உரைத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பு நோக்கியே சொல்வர். கல் கோட்டைக் காட்டும், அவ்வளவுதான். பிரமாணம் ஆணியிடத்தில் இருக்கிறது. ஆணியின் மாற்றுப் பிசகினால் கல்லும் கண்ணும் எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை. மாஸ்டர் ரிங் என்பது உரையாணி. உணர்கருவி என்பது உரைகல்.

இவ்வொப்பு நோக்கலைத்தான் ஆங்கிலத்தில் காலிபரேஷன் என்கின்றனர். சிலர் இதனை 'அளவுத் திருத்தம்' என்று மொழிபெயர்க்கின்றனர். அம்மொழிபெயர்ப்பு எமக்கு உடன்பாடன்று. திருத்துவது பிந்திய வேலை. சில சமயம் வேண்டாத வேலையுமாம். முதல் வேலை, தெரிந்த அளவுக்கு எதிரே கருவியை வைத்து, அது எவ்வளவு விலகுகிறதென்று அறிந்து எழுதிக்கொள்வது. விலகலை அறிந்துகொண்டால் திருத்தாமலே கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அறியாமற் போனால் எவ்வளவு திருத்தியும் குருட்டு வேலையே. ஆகவே இதனை 'ஒப்பளவு பார்த்தல்' என்றே யாம் சொல்லி வருகிறோம். புலவர்கள் இதனினும் நல்ல சொல் தந்தால் ஏற்றுக்கொள்வோம்.

இரும்புத் தொழிலுக்கு உரையாணி வகுத்துக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்து கார்ல் எட்வர்ட் ஜோஹான்ஸன். அவர் எஸ்கில்ஸ்தூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனிக் கேஜ் செய்து வைத்திருந்தபடியால் தொழிற்சாலைகளில் கேஜ்களே ஆயிரக்கணக்கிற் குவிந்தன. 1896-ஆம் வருஷத்தில் அவர் கண்ட வழி இது: முகங்கள் கண்ணாடிபோல் மழமழப்பான சிறு எஃகுத் துண்டுகளைக் கணக்கிட்ட அளவுகளிற் செய்து, வேண்டிய துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வேண்டிய அளவை உண்டாக்குதல். அவருடைய பெட்டியில் 102 துண்டுகள். அவற்றைக் கொண்டு 1 மில்லிமீட்டர் முதல் 201 மில்லிமீட்டர் வரையில், நூறில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றமாக, 20,000 அளவுகள் அமைக்கலாம். வீட்டில் மனைவியாரின் தையல் யந்திரத்தை மாற்றியமைத்து அத்துண்டுகளைத் தேய்த்தார் என்பர். நம் பட்டறைகளில் ஸ்லிப் கேஜ் என்று வழங்குவது இதுவே. இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து மெல்லத் திருகித் தள்ளினால் பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டாவிடில் அழுக்கோ கீறலோ உண்டென்று அறிக. இளைஞர்கள் ஒருமுறையேனும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும்.

ஆயின் அந்தத் துண்டுக்குப் பிரமாணம் எது? அதற்கும் மேலே ஒன்றுண்டு. 1983-ஆம் வருஷம் முதல் மீட்டர் என்பது, வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் செல்லும் தூரத்தை 299,792,458 கூறு செய்ததில் ஒரு கூறு என்று வகுக்கப்பட்டிருக்கிறது. நம் தேசத்தில் அதனை நடைமுறையில் நிலைநிறுத்திக் காப்பது புது தில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலை. அங்கே லேஸர் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு உயர்ந்த தரத்து ஸ்லிப் கேஜ்களை அளக்கிறார்கள். அவற்றிலிருந்து அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைகளின் கேஜ்கள், அவற்றிலிருந்து பட்டறையின் கேஜ் பெட்டி, அதிலிருந்து மாஸ்டர் ரிங், ரிங்கிலிருந்து உணர்கருவி, உணர்கருவியிலிருந்து பம்புக் கூடு. பெண் கொடுக்குமுன் மூன்று தலைமுறை விசாரிக்கும் நாம், ஒரு ரிங்கை வாங்கும்போது அதன் தகப்பன் யார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். சர்ட்டிபிகேட்டில் எந்தக் கேஜுக்கு ஒப்பிட்டு இந்த எண் வந்தது, அந்தக் கேஜ் எங்கே ஒப்பளவு பார்க்கப்பட்டது என்ற விவரம் இல்லையாயின் அது வெறுங் காகிதம்.

இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி இறங்கும்போதும் சிறிது ஐயம் சேர்கிறது. ஐயமில்லாத அளவு உலகத்தில் இல்லை. எவ்வளவு ஐயம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். 25 மைக்ரான் எல்லைக்குள் ஒரு துளையைச் சோதிக்க வேண்டுமாயின் அளவையின் ஐயம் அதில் பத்தில் ஒரு பங்காக இருத்தல் நன்று. நாலில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பழைய பட்டறை வழக்கம். ஐயம் இருபுறமும் 2 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 24 என்று காட்டும் துளை உண்மையில் 26 ஆகவும் இருக்கலாம். ஆகவே விற்கிறவர் 2 முதல் 23 வரையில் காட்டுவதையே நல்லது என்று அனுப்ப வேண்டும். இப்படிச் செய்தால் நல்ல சாமான் சிலவும் ஒதுங்குமே என்று முதலாளிகள் வருந்துவர். ஒதுங்கத்தான் செய்யும். அந்த நஷ்டம் தாங்கவில்லையானால் நல்ல கருவி வாங்குவதே வழி. எல்லையை நம் மனம்போல் விரிப்பது வழியன்று.

இனி உஷ்ணத்தைப் பற்றி. எம் அநுபவத்தில், நம் ஊர்களில் அளவு பிசகும் காரணங்களில் இதற்கே முதலிடம். உலோகம் சூட்டில் நீளும் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். எவ்வளவு நீளும் என்று கணக்கிடுவோர் சிலரே. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி ஏறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு, 23 மைக்ரான். அதனாலேயே எல்லா அளவும் 20 டிகிரி சென்டிகிரேடில் உள்ள அளவென்று கொள்ள வேண்டுமென 1931-ஆம் வருஷத்தில் சர்வதேச அளவைக் கமிட்டியார் தீர்மானித்தனர். 20 டிகிரி நம் நாட்டில் மார்கழி விடியற்காலையில் சில இடங்களிற் கிடைக்கும். மற்றக் காலத்தில் பட்டறையில் 35 டிகிரி.

எஃகு ரிங்கும் இரும்புச் சாமானும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒத்து நீளும். பெரும் பிழை நேராது. ஆனால் 100 மில்லிமீட்டர் அலுமினியத் துளையை எஃகு ரிங்குக்கு ஒப்பிட்டு 35 டிகிரியில் அளந்தால் 17 மைக்ரான் பிசகிவிடும். இதிற் கருவியின்மேற் குற்றமில்லை, தொழிலாளியின்மேலும் குற்றமில்லை; கணக்கிடாதவர்மேல்தான் குற்றம். யந்திரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய சூடான சாமானைக் குளிர்ந்த அறையிலுள்ள ரிங்குக்கு ஒப்பிடுவதும் இவ்வகையே. 40 மில்லிமீட்டர் ரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்து அது 5 டிகிரி சூடேறினால் 2 மைக்ரானுக்கு மேல் விரிந்துவிடும். ஓரிடத்தில் ரிங்கை ஜன்னலோரத்து இரும்பு அலமாரியின்மேல் வெயில் படும்படி வைத்திருந்ததை யாம் கண்டதுண்டு. காலையில் ஒரு பூஜ்யம், உச்சியில் ஒரு பூஜ்யம்! குளிர்சாதன அறைக்குப் பணமில்லாத பட்டறைக்கு யாம் சொல்வது இதுவே: கனமான இரும்புப் பலகையொன்றில், வெயிலும் காற்றும் படாத மூலையில், ரிங்கையும் அளக்க வேண்டிய சாமானையும் பக்கத்திற் பக்கமாகச் சில மணி நேரம் கிடத்துங்கள். பிறகு துணி உறையிட்ட கையால் எடுத்து அளவுங்கள்.

கருவி வகைகள் பல. எல்லாவற்றையும் விரிக்க நேரமில்லை. மேலே சொன்ன துளைக் கருவியின் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஒரு கம்பிச் சுருளும் அதன் இருபுறமும் இரண்டு சுருள்களும், நடுவே நகரும் இரும்புத் தண்டுமேயாம். தண்டு நடுவில் நின்றால் இரு சுருள்களின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யமாகும். ஒருபுறம் நகர்ந்தால் அப்புறம் ஓங்கும். அதன் நடுப்பகுதி நேர்மையாக நடக்கும். இருகோடிகளையும் நெருங்க நெருங்கக் கோணும். ஆகவே ஒரே ரிங்கில் பூஜ்யம் வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. எல்லையின் அடியில் ஒரு ரிங், உச்சியில் ஒரு ரிங், ஆக இரண்டில் வைத்துப் பார்த்தால்தான் 25 மைக்ரானை 25 என்று சொல்கிறதா, 23 என்று சொல்கிறதா என்பது தெரியும். அந்தப் பட்டறையில் இரண்டாவது ரிங் ஒன்று, பழையதாயினும், இருந்திருந்தால் முதல்நாள் காலையிலேயே 12 மைக்ரான் வித்தியாசம் வெளியாகியிருக்கும்.

சுவரின் கனத்தை ஒலியால் அளக்கும் கருவி வேறு விதமாக ஏமாற்றும். அது அளப்பது கனத்தையன்று, ஒலி போய்த் திரும்பும் காலத்தை. எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் செல்லும். அலுமினியத்தில் சுமார் 6,300. சாம்பல் வார்ப்பிரும்பில், அதிலுள்ள கரியின் அமைப்பைப் பொறுத்து 5,000-க்கும் கீழே இறங்கும். எஃகுப் படிக்கட்டைக்கு ஒப்பளவு பார்த்த கருவியை வார்ப்பிரும்பில் வைத்தால் 10 மில்லிமீட்டர் சுவரை 12-ஐ நெருங்கக் காட்டும். மெல்லிய சுவரைக் கனத்த சுவரென்று காட்டுவது எவ்வளவு அபாயம்! எந்த உலோகத்தை அளக்கப்போகிறோமோ அதே உலோகத்தில், அதே வார்ப்பில், கனந் தெரிந்த துண்டு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்கும் சுழல்மின் கருவிக்கு ஒப்பளவு பார்ப்பதற்கு நல்ல துண்டு போதாது. கெட்ட துண்டும் வேண்டும். மின்பொறியால் இன்ன ஆழம் என்று கீறிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதனைக் கருவியின் வழியே விட்டுப் பார்ப்பர். கருவி கூவவில்லையென்றால், சென்றமுறை கூவிய நேரத்திற்குப் பின் வந்த சரக்கெல்லாம் மறுபரிசோதனைக்குப் போகும். அடிக்கடி பார்த்தால் மறுபரிசோதனைக்குப் போவது ஒருவேளைச் சரக்கு. வருஷத்துக்கொருமுறை பார்த்தால் ஒருவருஷச் சரக்கு. இந்த எளிய கணக்கை முதலாளிகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியது பரிசோதனை அறையிலுள்ள நம் இளைஞர்களின் கடமை.

கைப்பழக்கத்தைக் கேட்பார் யார் என்றோமே, அதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்றுண்டு. அது உலோக வேலையன்று, கண்ணாடி வேலை. ஆயினும் அளவையின் கதை ஒன்றே. ஹப்பிள் என்னும் விண்வெளித் தொலைநோக்கியை அமெரிக்கர் 1990-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வானில் ஏற்றினர். அதன் முதன்மைக் கண்ணாடியின் குறுக்களவு 2.4 மீட்டர். மேலே சென்ற பின்னரே அதன் பார்வை மங்கலென்று தெரிந்தது. விளிம்பு, இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2 மைக்ரான் தட்டையாயிருந்தது. விசாரணையில் வெளியான காரணத்தைக் கேளுங்கள். மெருகிடும்போது கண்ணாடியின் உருவத்தைச் சோதித்த ஒளிக்கருவி ஒன்று. அதிலுள்ள லென்ஸை இன்ன தூரத்தில் நிறுத்த வேண்டுமென்று காட்ட ஓர் அளவுகோல். கோலின் முனையை மூடியால் மறைத்து, அதில் ஒரு சிறு துளையிட்டிருந்தார்கள். துளை வழியே ஒளி கோலின் முனையிற் பட்டுத் திரும்ப வேண்டும். மூடியின்மேல் ஒளியைத் திருப்பாதிருக்கப் பூசிய கறுப்பு ஓரிடத்தில் உதிர்ந்திருந்தது. ஒளி அவ்விடத்திலேயே பட்டுத் திரும்பிவிட்டது. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் விலகி நின்றது. திருகு அவ்வளவு தூரம் நகராதபோது, 'ஏன் நகரவில்லை?' என்று கேளாமல், வாஷர் வைத்து நகர்த்தினார்கள்.

அதற்குப் பின் உலகத்திலேயே மிகத் திருத்தமாக, தவறான உருவத்துக்கு, அக்கண்ணாடி மெருகிடப்பட்டது. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், இதனினும் எளிய வேறு சோதனைக் கருவிகள் இரண்டு பிழையைக் காட்டவே செய்தன. அவை நுட்பங் குறைந்தவை, பெரிய கருவிக்கு எதிரே அவற்றின் பேச்சு எடுபடாது என்று தள்ளிவிட்டார்கள். 1993-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் விண்வெளி வீரர்கள் மேலே சென்று, மூக்குக் கண்ணாடி போடுவதுபோல் வேறு ஒளியமைப்புகளைப் பொருத்தி, அதன் பார்வையைச் சரிசெய்தனர். நம்மவர் தம் கையால் பேரிங்கை இறக்கிப் பார்த்தது அத்தகைய எளிய இரண்டாங் கருவியே. கையின் உணர்ச்சி 12 மைக்ரானுக்கு எண் சொல்லாது. ஆனால் 'ஏதோ மாறிவிட்டது' என்று சொல்லும். இரண்டு கருவிகள் முரண்பட்டால் அவற்றில் ஒன்றை வாயடைக்கச் செய்வதா, மூன்றாவதைக் கொண்டு விசாரிப்பதா?

இன்னுமொன்று. ஒரே கருவியை மூவர் பிடித்தால் மூன்று அளவு வரலாம். ஆகவே 10 சாமான்களை எடுத்து, மூவரிடம் தனித்தனியே கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லிக் கணக்கிடுவது மோட்டார் வாகனத் தொழிலில் வழக்கமாயிருக்கிறது. கருவியாலும் கையாலும் வரும் மாறுபாடு மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்குக் கீழ்ப்பட்டால் நன்று. 30-க்கு மேற்பட்டால் அம்முறை உதவாது. இச்சோதனையில் எவர் கை பிசகுகிறதென்று கண்டு தண்டிக்கப் புகும் முதலாளி, மறுமுறை மூவர் எண்ணும் அதிசயமாக ஒத்துப்போவதைக் காண்பார். அவ்வாறே ரிங்கும் கருவியும் கீழே விழுவது சகஜம். விழுந்த உடனே ஒப்பளவு பார்த்துவிட்டால் நஷ்டமில்லை. விழுந்ததைச் சொன்னவனுக்கு அபராதம் விதிக்கும் பட்டறையில், விழுந்த ரிங் துடைத்து இருந்த இடத்தில் வைக்கப்படும். பிறகு எந்தச் சர்ட்டிபிகேட்டும் காப்பாற்றாது. பையன்களுக்கு யாம் சொல்வது, விழுந்ததைச் சொல்லுங்கள் என்பது; முதலாளிகளுக்குச் சொல்வது, சொன்னவனுக்கு அன்று ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள் என்பது.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம்மவருள் சிறு பட்டறை வைத்திருப்போர் பலர். ஸ்லிப் கேஜ் பெட்டி ஒன்றும், அதனோடு ஒப்பிடும் கருவியும், 20 டிகிரியில் நிற்கும் அறையும் தனித்தனியே ஒவ்வொருவரும் வைத்துக்கொள்வது இயலாது. பத்துப்பேர் சேர்ந்தால் இயலும். சங்கக் கட்டிடத்தின் பின்கட்டில் வடக்கு நோக்கிய அறையொன்று பழைய நாற்காலிகளோடு சும்மா கிடக்கிறது. வெயில் படாத அறை. அதனை இதற்கு ஒதுக்கித் தரும்படி நிர்வாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறோம். கேஜ் பெட்டியை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு உரிய காலத்தில் அனுப்பி ஒப்பளவு பார்த்து வாங்கும் பொறுப்பை யாம் ஏற்கிறோம். அங்கே நாம் கொடுப்பது சர்ட்டிபிகேட் அன்று; அங்கீகாரம் பெற்ற சாலைக்கே அந்த உரிமை. இரண்டு சர்ட்டிபிகேட்டுகளுக்கு நடுவே உங்கள் ரிங் எவ்வாறிருக்கிறதென்று பார்த்துச் சொல்வதே இவ்வறையின் வேலை. முதல் ஆறு மாதம் ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் யாமே அங்கிருப்போம். சேர விரும்புவோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். ரிங்குகளை முதல்நாள் மாலையே கொண்டுவந்து அறையில் வைத்துவிட வேண்டும், இரவெல்லாம் குளிரட்டும். கொண்டுவருமுன் பெட்ரோலில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, சர்ட்டிபிகேட்டையும் கூடவே எடுத்து வாருங்கள். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவோரின் ரிங்குகள் திருப்பி அனுப்பப்படும்.